சர்ச்சில் அணுகுண்டைப் பற்றி எப்போது என்ன நினைத்தார்? அட்டவணை போட்டுக் கண்டுபிடிக்கும் முறை

சர்ச்சிலையும் அணுகுண்டையும் சேர்த்துத் தேடினால் இரண்டு சர்ச்சில்கள் கிடைப்பார்கள். ஒருவர், குண்டு நம் கையில் மட்டும் இருக்கும்போதே ரஷ்யாவை வழிக்குக் கொண்டுவரச் சொன்னவர். இன்னொருவர், 80 வயதை நெருங்கும்போது மாஸ்கோவோடு பேசியே தீரவேண்டும் என்று சொந்தக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர். இரண்டு பேருக்கும் மேற்கோள் உண்டு. பெரும்பாலும் அவை சரியான மேற்கோள்கள்தான். தேதி இல்லாமல், யாரிடம் சொன்னது என்று இல்லாமல், பாதி வாக்கியமாகச் சுற்றுவதுதான் சிக்கல்.

இதைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 20, 25 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை போதும். கல்லூரிக் கட்டுரை எழுதுபவர்களும் வரலாற்றுப் பதிவு எழுதத் தொடங்குபவர்களும் இரண்டு வார விடுமுறை நாட்களில் முடித்துவிடலாம்.

படி 1: ஆறு கட்டம் போடுங்கள்

எக்செல்லோ, கோடு போட்ட நோட்டோ, எதுவானாலும் சரி. தலைப்புகள் இவை: தேதி, அன்று அவர் வகித்த பதவி, யாரிடம் சொன்னார், என்ன சொன்னார், அன்று அவருக்கு என்ன தெரியும், அன்று குண்டு யார் கையில்.

தேதியில் நாளும் மாதமும் கட்டாயம். ‘1945-இல் சொன்னார்’ என்பது பயன்படாது. அந்த ஜூலை 16 அன்றுதான் நியூ மெக்சிகோவில் முதல் சோதனை நடந்தது. 15-ஆம் தேதி சர்ச்சிலும் 17-ஆம் தேதி சர்ச்சிலும் ஒரே ஆள் இல்லை.

பதவி எளிது. 1940 மே 10 முதல் 1945 ஜூலை 26 வரை பிரதமர். பிறகு எதிர்க்கட்சித் தலைவர். 1951 அக்டோபர் 26 முதல் 1955 ஏப்ரல் 5 வரை மறுபடி பிரதமர். எதிர்க்கட்சியில் இருந்தபோது பேசியதற்கு அவர் பொறுப்பேற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஆறு ஆண்டு வரிகளைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆறாவது கட்டத்தைத்தான் தொடக்கத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் வேலை செய்யப்போவது அதுதான். எனவே அதை முதலிலேயே நிரப்பிவையுங்கள். 1945 ஜூலை 16 வரை யாரிடமும் இல்லை. 1949 ஆகஸ்ட் 29 வரை அமெரிக்காவிடம் மட்டும். அன்று முதல் சோவியத்திடமும். 1952 அக்டோபர் 3 முதல், ஆஸ்திரேலியாவின் மான்டிபெல்லோ தீவுகளில் நடந்த சோதனைக்குப் பின், பிரிட்டனிடமும்.

படி 2: ‘அணுகுண்டு’ என்ற சொல்லை இரண்டாக உடையுங்கள்

தமிழில் எழுதும்போது இந்த இடத்தில்தான் கால் சறுக்கும். நமக்கு எல்லாமே அணுகுண்டு. ஹிரோஷிமாவில் விழுந்ததும் அணுகுண்டு, 1954-இல் பிகினி தீவில் வெடித்ததும் அணுகுண்டு. முதலாவது சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் வெடிமருந்தின் வலிமை. இரண்டாவது 15 மெகாடன், அதாவது ஆயிரம் மடங்கு. முதலாவது அணுவைப் பிளக்கிறது. இரண்டாவது, அந்தப் பிளவைத் தீக்குச்சியாக வைத்து ஹைட்ரஜனை இணைக்கிறது.

சர்ச்சில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவே இல்லை. ஆகவே உங்கள் அட்டவணையில் ‘அணுகுண்டு’ என்றால் பிளவுக் குண்டு மட்டும். மற்றதை எல்லா இடத்திலும் ‘ஹைட்ரஜன் குண்டு’ என்றே எழுதுங்கள். ஆறாவது கட்டத்தையும் இரண்டாகப் பிரித்து, 1952 நவம்பர் 1 அன்று அமெரிக்கா 10.4 மெகாடன் சாதனத்தை வெடித்ததையும், 1953 ஆகஸ்ட் 12 அன்று வெடித்ததை சோவியத் தன் முதல் ஹைட்ரஜன் சோதனை என்று அறிவித்ததையும் சேருங்கள்.

படி 3: போருக்கு முந்தைய மூன்று வரிகள்

இதில் அதிக நேரம் செலவழிக்கவேண்டாம். 1924-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், ஆரஞ்சுப் பழ அளவுக் குண்டு ஒன்று ஆயிரம் டன் வெடிமருந்தின் வலிமையோடு ஓர் ஊரையே ஒரே அடியில் தகர்க்கும் நாள் வருமா என்று கேட்டார். 1931-இல் இன்னொரு கட்டுரையில், ஒரு பவுண்டு தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனை இணைக்க முடிந்தால் ஆயிரம் குதிரைத்திறன் எந்திரத்தை ஓர் ஆண்டு ஓட்டலாம் என்று எழுதினார். இவற்றை வைத்து அவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடாதீர்கள். அவருடைய அறிவியல் விவரங்களுக்கு ஊற்றுக்கண் ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் லிண்டமன், பின்னாளில் செர்வெல் பிரபு.

மூன்றாவது வரிதான் முக்கியம். 1939 ஆகஸ்ட் 5, விமானத்துறை அமைச்சர் கிங்ஸ்லி வுட்டுக்குக் கடிதம். யுரேனியக் குண்டு பல ஆண்டுகளுக்குப் பெரிய அளவில் சாத்தியமில்லை, ஹிட்லர் அதைக் காட்டிப் பூச்சாண்டி காட்டினால் மிரளவேண்டாம் என்பது சாரம். 15 ஆண்டுகளுக்கு முன் ஊரையே தகர்க்கும் ஆரஞ்சைக் கற்பனை செய்தவர், உண்மையான யுரேனியம் வந்து நின்றபோது தயங்குகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

படி 4: போர்க்கால வரிகள்

1940 மார்ச்சில், பர்மிங்ஹாமில் இயற்பியலாளர்கள் ஃபிரிஷும் பையர்ல்ஸும் ஒரு குண்டுக்குச் சில கிலோ யுரேனியம்-235 போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1941 ஜூலையில் பிரிட்டிஷ் அறிவியலாளர்களின் மாட் குழு, குண்டு சாத்தியம் என்று அறிக்கை கொடுத்தது. ஆகஸ்ட் 30 அன்று முப்படைத் தலைவர்களுக்கு சர்ச்சில் எழுதிய குறிப்பில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது: இருக்கிற வெடிமருந்துகளே எனக்குப் போதும்.

இதை இந்த இடத்தில் வெட்டி, ‘சர்ச்சிலுக்கு ஆரம்பத்தில் ஆர்வமே இல்லை’ என்று எழுதுபவர்கள் நிறைய. வாக்கியம் அங்கே முடியவில்லை. முன்னேற்றத்தின் குறுக்கே நிற்கக்கூடாது, ஆகவே செர்வெல் சொன்னபடி செய்யுங்கள், பொறுப்பு சர் ஜான் ஆண்டர்சனிடம் என்று அதே வாக்கியம் ஆணையிடுகிறது. ட்யூப் அலாய்ஸ் என்ற மறைபெயரில் பிரிட்டனின் திட்டம் இதன்பின் தொடங்கியது. நான்காவது கட்டத்தில் முழு வாக்கியத்தை எழுதவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து 1943 ஆகஸ்ட் 19, குவிபெக் உடன்படிக்கை. ஒருவர்மீது ஒருவர் பயன்படுத்தமாட்டோம், மூன்றாம் தரப்பின்மீது இருவரும் சம்மதிக்காமல் பயன்படுத்தமாட்டோம், சம்மதமின்றி யாருக்கும் தகவல் தரமாட்டோம். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கையெழுத்திட்டார்கள். இதை ஒரு ‘கருத்து’ வரியாகவே பதியுங்கள். குண்டு பிறப்பதற்கு முன்பே அவர் கேட்டு வாங்கியது தடுக்கும் உரிமை.

1944 மே 16 அன்று டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் டவுனிங் தெருவில் அவரைச் சந்தித்தார். (இங்கே போர் என்பது ஆள் பெயர். உங்கள் கட்டுரையில் நீல்ஸ் போர் என்று முழுதாக எழுதாவிட்டால் படிப்பவர் குழம்புவார்.) ரஷ்யர்களிடம் முன்கூட்டியே சொல்லி, போட்டியைத் தவிர்க்கலாம் என்பது அவர் வாதம். சர்ச்சில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது பெரிய குண்டு, அவ்வளவுதான், போரின் அடிப்படை மாறவில்லை என்ற பொருளில் அவர் பேசியதாக, பின்னர் பிறர் வழியாகவே நமக்குத் தெரியவருகிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கேள்வி’ என்று குறியுங்கள். அதே செப்டம்பரில் அமெரிக்காவின் ஹைட் பார்க்கில் ரூஸ்வெல்ட்டோடு ஒப்பமிட்ட குறிப்பு கையில் இருக்கும் ஆதாரம்: தகவலை உலகுக்குச் சொல்லவேண்டாம், குண்டு தயாரானால், நன்கு யோசித்தபின், ஜப்பான்மீது ஒருவேளை பயன்படுத்தலாம்.

1945 ஜூலை 4 அன்று வாஷிங்டனில் பிரிட்டனின் சம்மதம் பதிவானது. தேதியைப் பாருங்கள். சோதனைக்கு 12 நாள் முன்பு. சோதனைக்குப் பின் போட்ஸ்டாம் மாநாட்டில் முடிவு எடுத்தார்கள் என்று எழுதுபவர்கள் இந்த வரியைப் பார்க்காதவர்கள்.

படி 5: சான்றுகளைத் தரம் பிரியுங்கள்

இதுவரை போட்ட வரிகளை நிறுத்தி ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மூன்று தரம் வரும்.

முதல் தரம், அன்றே எழுதப்பட்ட ஆவணம். நாடாளுமன்றப் பேச்சுக்கு ஹன்சார்ட் என்ற அவைப்பதிவு இணையத்தில் இலவசம், தேதி போட்டால் போதும். அமைச்சரவை முடிவுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கேப் 128 வரிசையில் இருக்கின்றன. யார் என்ன பேசினார்கள் என்பது அதில் மழுப்பலாகத்தான் இருக்கும். அதற்கு அமைச்சரவைச் செயலர் நார்மன் புரூக்கின் கையெழுத்துக் குறிப்பேடுகளைப் பாருங்கள், கேப் 195. சுருக்கெழுத்துப் போலத் தந்தி நடையில் இருப்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாநாடுகளுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகள்.

இரண்டாம் தரம், உடனிருந்தவர்களின் நாட்குறிப்பு. படைத்தலைவர் ஆலன் புரூக், செயலர் கோல்வில், மருத்துவர் மோரன் பிரபு. 1945 ஜூலை 23 அன்று, ரஷ்யர்களுக்கு எதிரான தராசு இனி சமமாகிவிட்டது என்று சர்ச்சில் துள்ளியதை ஆலன் புரூக் எழுதிவைத்திருக்கிறார். மோரனிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 1966-இல் வந்த அந்த நூலில் அன்றாடக் குறிப்பு எது, பிறகு சேர்த்து எழுதியது எது என்று பிரிப்பது கடினம்.

மூன்றாம் தரம், கேட்டவரிடம் கேட்டது. 1947-இல் கிரெம்ளின்மீது குண்டு போடச் சொன்னார் என்ற பரபரப்புச் செய்தி இந்த வகை. அமெரிக்க செனட்டர் ஒருவர் சொன்னதாக எஃப்.பி.ஐ. எழுதிய குறிப்பு அது. பொய் என்று தள்ளவேண்டாம், கட்டுரையின் தூணாகவும் நிறுத்தவேண்டாம்.

சர்ச்சிலின் சொந்தப் போர் வரலாறு எந்தத் தரம் என்று கேட்பீர்கள். 1945 பற்றிப் பேசும் கடைசித் தொகுதி வெளிவந்தது 1953-இல், அவர் மறுபடி பிரதமராக இருந்தபோது. அதை 1945-க்கான சான்றாக அல்ல, 1953-க்கான வரியாகப் பதியுங்கள்.

இரண்டாம்நிலை நூல்களுக்கும் ஒரு சோதனை உண்டு. 1954-இன் அமைச்சரவைத் தாள்கள் 30 ஆண்டு விதிப்படி 1985 தொடக்கத்தில்தான் திறந்தன. அதற்கு முன் எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவற்றைப் பார்த்திருக்கமாட்டார்.

படி 6: எதிர்க்கட்சி ஆண்டுகள்

1946 மார்ச் 5, அமெரிக்காவின் ஃபுல்டன். இரும்புத்திரைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டும் அதே உரையில், அணு ரகசியத்தை இன்னும் குழந்தைப் பருவத்திலிருக்கும் உலக அமைப்பிடம் ஒப்படைப்பது தவறு என்றும் சொல்கிறார். 1948 அக்டோபர் 9, லான்டிட்னோ கட்சி மாநாடு. ரஷ்யர்களிடம் குண்டு வருவதற்கு முன் நம் நியாயமான கோரிக்கைகளை வைத்தால் ரத்தம் சிந்தாமல் தீர்வு கிடைக்கும் என்கிறார். பிறகு 1950 பிப்ரவரி 14, எடின்பரோ. உச்சத் தலைவர்கள் உட்கார்ந்து பேசவேண்டும்.

மனம் மாறிவிட்டாரா? ஆறாவது கட்டத்தைப் பாருங்கள். நடுவில் 1949 ஆகஸ்ட் 29 நிற்கிறது. ரஷ்யாவோடு ஒரு தீர்வு என்ற நோக்கம் இரண்டு பேச்சிலும் ஒன்றுதான். பேரம் பேசும் கை மட்டும் மாறியிருக்கிறது.

படி 7: 1953 டிசம்பர் முதல் 1955 மார்ச் வரை, மாதவாரியாக

அட்டவணையில் பாதி வரிகள் இந்த 16 மாதங்களில் விழுந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். 1953 டிசம்பரில் பெர்முடா மாநாட்டில், அணுகுண்டும் இனி வழக்கமான ஆயுதம்தான் என்ற அமெரிக்க அதிபர் ஐசனோவரின் நிலை பிரிட்டிஷாரைக் கலக்கியது. 1954 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டெர்லிங் கோல் ஹைட்ரஜன் குண்டின் வீச்சை வெளிப்படையாகப் பேசினார். பிரிட்டிஷ் பிரதமர் அதை விவரமாக அறிந்தது செய்தித்தாளிலிருந்துதான்! அணு ரகசியங்களைப் பிற நாடுகளோடு பகிரத் தடைபோட்ட அமெரிக்காவின் 1946-இன் மக்மஹோன் சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. மார்ச் 1 அன்று பிகினியில் 15 மெகாடன். கதிரியக்கச் சாம்பல் பட்டதில் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் 23 பேரும் நோயுற்றார்கள். ஏப்ரல் 5 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில் குவிபெக் வாசகத்தை வெளியிட்டு, தடுக்கும் உரிமையை, 1945-இல் தனக்குப் பின் வந்த அட்லி அரசு கோட்டைவிட்டது என்று தாக்க, கூச்சலில் உரை நொறுங்கியது. அன்றைய ஹன்சார்டைக் குறுக்கீடுகளோடு படியுங்கள்.

ஜூலை வரிகளை எழுதும்போது கவனம். வாஷிங்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போதே, அமைச்சரவையைக் கேட்காமல், நேரில் பேச விருப்பம் என்று சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலட்டோவுக்குத் தந்தி அனுப்பினார். 7, 8 தேதிகளில் அமைச்சரவை கூடியது. அந்தத் தந்திக்காக அமைச்சர் சால்ஸ்பரி பிரபு விலகுவேன் என்றார். அதே கூட்டங்களில் பேசப்பட்ட இன்னொரு பொருள், பிரிட்டன் ஹைட்ரஜன் குண்டு செய்வது. மாத இறுதிக்குள் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. புதிதாக எழுதுபவர்கள் இவற்றை இரண்டு பத்தியாக்கி, நடுவில் ‘ஆனால்’ போடுவார்கள். போடாதீர்கள். ஒரே தேதி, ஒரே அறை, ஒரே வரி. அவருக்கு அவை முரண் இல்லை.

1955 மார்ச் 1 உரை அதைத் தெளிவாக்குகிறது. அணுகுண்டு எவ்வளவு பயங்கரமானாலும் மனிதக் கட்டுப்பாட்டுக்குள்தான் இருந்தது, ஹைட்ரஜன் குண்டுக்கும் அதற்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கிறது என்கிறார். 1944-இல் நீல்ஸ் போரிடம் காட்டிய அலட்சியத்தை அவர் திரும்பப் பெறவில்லை, எல்லைக்கோட்டைத்தான் வேறிடத்தில் போடுகிறார். இதே உரையில்தான் ‘பாதுகாப்பு அச்சத்தின் திடகாத்திரமான பிள்ளையாகவும், பிழைத்திருத்தல் அழிவின் இரட்டைச் சகோதரனாகவும்’ இருக்கும் என்ற வரி. அதோடு வெட்டாதீர்கள். பைத்தியக்காரர்களையும், பதுங்குகுழியில் கடைசி நேரத்து ஹிட்லரின் மனநிலையில் இருக்கும் சர்வாதிகாரிகளையும், குண்டின் அச்சத்தால் போரைத் தடுக்கும் இந்தத் தடுப்பு கட்டுப்படுத்தாது என்றும் அங்கேயே சொல்கிறார்.

படி 8: வரிசையை மாற்றிப் படியுங்கள்

எக்செல்லில் முதலில் மூன்றாவது கட்டத்தின்படி வரிசைப்படுத்துங்கள். மேடையில் பேசியதும் தனியறையில் பேசியதும் பிரிந்துவிடும். பிறகு ஆறாவது கட்டத்தின்படி. குண்டு யாரிடம் இருக்கிறது என்பது மாறும் இடங்களில்தான் சொற்களும் திரும்புகின்றன என்பது தெரியும். திரும்பாத வரிகள் இருந்தால் தேதியைச் சரிபாருங்கள். தேதி சரி என்றால், அந்த வரிதான் உங்கள் கட்டுரையின் கரு.

கடைசியாக இரண்டு வரிகளைச் சேர்த்து அட்டவணையை மூடலாம். 1955 ஜூலை, ஜெனீவாவில் நான்கு நாட்டுத் தலைவர்கள் சந்திப்பு. 1957 மே 15, பசிபிக்கில் மால்டன் தீவருகே பிரிட்டனின் முதல் ஹைட்ரஜன் குண்டு முயற்சி. அவர் கேட்ட இரண்டும் நடந்தன, அவர் பதவியில் இல்லை. அந்த இரண்டு வரிகளிலும் நான்காவது கட்டம் காலியாகவே இருக்கட்டும்.