கோதுமை நாற்றில் தண்டுத் துரு எதிர்ப்பைச் சோதிப்பது எப்படி?

ஒரு கோதுமை ரகத்தில் தண்டுத் துரு என்ற பூசண நோயை எதிர்க்கும் மரபணு இருக்கிறதா என்று அறிய நாற்றுச் சோதனைதான் முதல் படி. விதைத்து சுமார் மூன்று வாரத்தில் விடை தெரிந்துவிடும். ஆனால் ஈரமோ வெப்பநிலையோ தவறினால், எதிர்ப்பே இல்லாத ரகமும் சுத்தமான இலையோடு நிற்கும். அதை நம்பிக் கலப்பு செய்தால் பல பருவ உழைப்பு வீண்.

ஒவ்வொரு ரகத்துக்கும் 5 முதல் 7 விதை போடுங்கள். ஒவ்வொரு தட்டிலும் நோய்க்கு எளிதில் இலக்காகும் ஒரு ரகம் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் நோய் நன்றாக வரவில்லை என்றால் அந்தத் தட்டின் முடிவு முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். 7, 8 நாளில் முதல் இலை முழுதாக விரிந்ததும் நாற்று தயார்.

உறைநிலையில் வைத்திருந்த ஸ்போர்களை (நோயைப் பரப்பும் பூசண வித்துகளை) எடுத்த எடுப்பில் தெளித்தால் பெரும்பகுதி முளைக்காது. 45 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து எழுப்பி, பிறகு 80 சதவீத ஈரப்பதத்தில் 2 முதல் 4 மணி நேரம் விடுங்கள். 1 மில்லி லேசான கனிம எண்ணெய்க்கு 5 மில்லிகிராம் ஸ்போர் கலந்து மெல்லிய பனிப்புகைபோல் தெளியுங்கள். எண்ணெய் காயும்வரை அரை மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காயாமல் ஈரப்பெட்டிக்குள் வைத்தால் இலை கருகும். அந்தக் கருகலை எதிர்ப்பின் அடையாளமாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

அடுத்து 18 டிகிரியில், இருட்டில், இலைமேல் பனி படிந்தபடி 14 முதல் 16 மணி நேரம். அதோடு முடியவில்லை. ஸ்போர் இருட்டில் முளைத்தாலும், தண்டுத் துருப் பூசணம் இலைத்துளை வழியாக உள்ளே நுழைய வெளிச்சம் வேண்டும். ஆகவே ஈரம் இருக்கும்போதே 3 மணி நேரம் விளக்கு போட்டு, பிறகு மெதுவாக உலரவிடுங்கள். இலையில் துருக் கொப்புளமே வராத தட்டுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான்.

பிறகு 18 முதல் 20 டிகிரியில் வளர்த்து 14ஆம் நாள் மதிப்பெண் இடுங்கள். தடயமே இல்லை என்றால் 0; கொப்புளமின்றிச் சிறு புள்ளி மட்டும் இருந்தால் அரைப்புள்ளிக் குறி (;). சிறு கொப்புளத்தைச் சுற்றித் திசு மடிந்திருந்தால் 1. கொப்புளத்தைச் சுற்றிப் பச்சைத் திட்டு, அதற்கு வெளியே வெளிறிய வளையம் என்றால் 2. நடுத்தரக் கொப்புளம் 3, வெளிறலே இல்லாத பெரிய கொப்புளம் 4. பொதுவாக 2 வரை எதிர்ப்பு. 3, 4 நோய்க்கு இலக்கு.

ஒரே இலையில் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வந்தால் எக்ஸ் என்று குறிப்பார்கள். அது மரபணுவின் இயல்பாக இருக்கலாம், பூசண இனங்கள் கலந்ததாலும் இருக்கலாம். பெரிய கொப்புளத்திலிருந்தும் சிறியதிலிருந்தும் தனித்தனியே ஸ்போர் எடுத்து அதே ரகத்தில் மறுபடி தெளியுங்கள். இரண்டும் பழையபடி சிறிதும் பெரிதும் கலந்தே தந்தால் அது மரபணுவின் இயல்பு. செடிக்குச் செடி வேறுபட்டால் விதைக் கலப்பைப் பாருங்கள்.

வெப்பநிலையை எழுதாத மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. எஸ்ஆர்6 என்ற தண்டுத் துரு எதிர்ப்பு மரபணு 18 டிகிரியில் நன்றாகத் தடுக்கும். 25 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும்.

எத்தனை மரபணு என்று அறிய, எதிர்ப்புள்ள ரகத்தை இலக்காகும் ரகத்தோடு கலந்து எஃப்2 தலைமுறையை (கலப்புச் செடிகளின் விதையிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறையை) சோதியுங்கள். 100 செடியில் 72 எதிர்ப்பு, 28 இலக்கு என்று வந்தால், ஒற்றை ஓங்கு மரபணுவுக்குரிய 75:25 எதிர்பார்ப்புக்கு கை-வர்க்க மதிப்பு (எதிர்பார்ப்பிலிருந்து விலகலின் அளவு) 0.48. இது 5 சதவீத எல்லையான 3.84க்குக் கீழே இருப்பதால் ஒற்றை ஓங்கு மரபணு என்று கொள்ளலாம். இரண்டு தனித்தனி ஓங்கு மரபணுக்கள் என்றால் 15:1 வரும். எஃப்3 குடும்பங்களில் (ஒவ்வொரு எஃப்2 செடியின் சந்ததியில்) தலா 16 நாற்றாவது வேண்டும். அப்போதுதான் எதிர்ப்பு, இலக்கு என்று பிரியும் குடும்பத்தைப் பிரியாதது என்று தவறாக எண்ணும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கு இறங்கும்.

ஒரே பூசண இனத்தோடு சோதனையை நிறுத்தாதீர்கள். பல நாடுகள் நம்பியிருந்த எஸ்ஆர்31 மரபணுவை 1998இல் உகாண்டாவில் சேகரித்த யூஜி99 இனம் முறியடித்தது. அதற்காக வெளியூர் இனத்தைக் கொண்டுவந்து சோதிக்கக் கூடாது. காற்றில் பரவும் ஸ்போரைத் திரும்பப் பிடிக்க முடியாது. அந்த இனம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு, அனுமதி பெற்று, விதையை அனுப்புங்கள்.

நாற்றில் 4 வாங்கிய ரகத்தையும் உடனே கழிக்க வேண்டாம். எஸ்ஆர்2 போன்ற மரபணுக்கள் வளர்ந்த செடியில்தான் வேலை செய்யும். கதிர் வந்தபின் வயலில் தண்டில் எத்தனை சதவீதம் துரு என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.