மணிமேகலையின் 29ஆம் காதையைத் துணைக்கொண்டு தத்துவ வாதங்களைப் படிக்கும் முறை

இந்தியத் தத்துவ நூலொன்றைக் கையில் எடுத்தவர் தடுமாறுவது கருத்தின் கடுமையால் மட்டுமன்று. ஆசிரியர் எதைத் தம் கொள்கையாகச் சொல்கிறார், எதை மறுப்பதற்காக எடுத்துவைக்கிறார் என்பது பிடிபடாமையாலும்தான். ஆகவே முதல் வேலை, மறுப்பதற்காக எடுத்துவைக்கும் பிறர் கொள்கையாகிய பூர்வபக்கத்தையும், ஆசிரியரின் சொந்த முடிபாகிய சித்தாந்தத்தையும் பிரித்துக்கொள்வது. தமிழ் உரைகளில் ‘எனின்’, ‘என்பாரை நோக்கி’, ‘அற்றன்று’ போன்ற சொற்கள் பேச்சு யார் பக்கம் மாறுகிறது என்பதைக் காட்டிவிடும். பென்சிலால் அவற்றுக்குக் கீழே கோடிட்டுக்கொண்டு படித்தால் குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

பழகுவதற்கு மணிமேகலையின் 29ஆம் காதையைவிடச் சிறந்த இடம் தமிழில் இல்லை என்பது என் எண்ணம். வஞ்சி நகரில் பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்டுவிட்டுக் காஞ்சிக்கு வந்த மணிமேகலைக்குப் பௌத்தத் துறவியாகிய அறவண அடிகள் அளவை இலக்கணத்தை, அதாவது உண்மையை அறியும் வழிகளின் இலக்கணத்தை, கற்பிக்கும் பகுதி அது. சங்கரசுவாமி இயற்றியதாகக் கருதப்படும் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிப் பௌத்தத் தருக்க நூலோடு மிக நெருங்கிச் செல்வது. கதைச்சுவைக்காகப் படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. உரையின்றி இதற்குள் இறங்க வேண்டாம். வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரை போதும்.

எந்த வாதத்தையும் முதலில் உறுப்புகளாகப் பிரித்துத் தனித்தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், நிறுவ வேண்டிய கூற்று. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதற்குக் காட்டும் காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. ‘மலையும் புகையுடைத்து’ என்னும் உபநயத்தையும், முடிபாகிய நிகமனத்தையும் சேர்த்து நியாய நூலார் ஐந்து உறுப்பு என்பர். அறவண அடிகள் பின்னிரண்டையும் திட்டாந்தத்துக்குள் அடக்கிவிடுகிறார். மூன்று வரி எழுதினாலே நமக்கும் போதுமானது.

இனி, உண்மையான சண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலி என்றும் உள்ளதா, தோன்றி அழிவதா என்பது பல நூற்றாண்டு ஓடிய வழக்கு. வேதம் எவராலும் செய்யப்படாதது, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பாகவே அமைந்தது என்ற மீமாம்சகருக்கு ஒலி நித்தமாக இருந்தாக வேண்டும். வேதத்தை நம்பத்தகுந்தவர் உரையாகக் கொண்டு ஏற்ற நியாயவாதிகளுக்கும், வேதத்தையே ஏற்காத பௌத்தர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ‘சத்தம் அநித்தம், பண்ணப்படுதலால், கடம் போல்’ என்னும் வாதம் இதற்குள்ளிருந்து பிறந்தது. இந்தப் பின்னணி தெரியாமல் படித்தால், குடத்தையும் ஒலியையும் வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

வாதத்தைச் சோதிப்பதற்கு ஏதுவின் மூன்று இயல்புகளைக் கேள்விகளாக்கிக்கொள்ள வேண்டும். ஏது பக்கத்தில், அதாவது வாதம் எதைப் பற்றியதோ அந்தப் பொருளில், இருக்கிறதா? நிறுவ வேண்டிய தன்மை உள்ள பிற பொருள்களில், அதாவது சபக்கத்தில், இருக்கிறதா? அத்தன்மை இல்லாத விபக்கத்தில் அறவே இல்லாமல் இருக்கிறதா? ‘சத்தம் அநித்தம், அறியப்படுதலால்’ என்று ஒருவர் சொன்னால் மூன்றாவது கேள்வியில் அது விழுந்துவிடும். குடமும் அறியப்படுகிறது, நித்தமென்று கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது. இரு புறமும் செல்லும் ஏது எதையும் நிறுவாது. முதற்கேள்வியிலேயே விழுவதும் உண்டு: ‘சத்தம் அநித்தம், கண்ணுக்குப் புலப்படுதலால்’ என்றால், ஒலி கண்ணுக்குப் புலப்படும் என்பதை இரு தரப்பாருமே ஏற்கமாட்டார்கள்.

இந்த ‘இரு தரப்பாரும்’ என்பதில்தான் படிப்பவர் நிதானிக்க வேண்டும். நாம் வழக்கமாக வாதத்தைத் தனியே நிறுத்தி, சரியா தவறா என்று கேட்கிறோம். அறவண அடிகளோ எதிரே யார் நிற்கிறார் என்று கேட்கச் சொல்கிறார். ஒலி செயலால் உண்டாவதால் அநித்தம் என்று பௌத்தர் பௌத்தரிடம் சொன்னால் ஏதுவில் குற்றமில்லை. அதையே சாங்கியரிடம் சொன்னால் ஏது நிற்காது. ஏனெனில் அவர் கொள்கைப்படி ஒலி உண்டாக்கப்படுவதில்லை, முன்பே உள்ளது வெளிப்படுகிறது. ஒரு தரப்பார் மட்டும் ஏற்காத ஏதுவாகிய இதனைக் காதை அன்னியதராசித்தம் என்கிறது. சொற்கள் மாறவில்லை, கேட்பவர் மட்டும் மாறினார், வாதம் பிழையாயிற்று. ஆதலால் ஒவ்வொரு வாதத்தின் ஓரத்திலும் எதிராளி யார், அவர் எதை முன்கூட்டியே ஏற்றவர் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். விதண்டை பேசுபவர் எதிராளியாக இருந்தால் மட்டும் இதில் சிறிது மாற்றம் உண்டு: அவர் மறுப்பதோடு நின்றுகொள்வார், தம் கொள்கையென்று எதையும் நிறுவமாட்டார்; அவரிடம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பக்கப்போலிகள், அதாவது பக்கம்போலத் தோன்றும் குற்றமுள்ள கூற்றுகள், ஒன்பதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘என் தாய் மலடி’ என்பது போலத் தன் சொல்லையே தான் மறுப்பவை படித்தவுடன் தெரிந்துவிடும். ஏதுவில் நேரும் குற்றங்களாகிய ஏதுப்போலிகள் பதினான்கே உழைப்பைக் கேட்பவை. பனியோ ஆவியோ என்று ஐயுற்றுக்கொண்டே அதைப் புகையாகக் கொண்டு நெருப்பைத் துணிவதும் அவற்றுள் ஒன்று.

பழகிய பிறகு ‘சத்தம் நித்தம், கேட்கப்படுதலால்’ என்பதை எடுத்துப் பாருங்கள். கேட்கப்படுவது ஒலியைத் தவிர வேறில்லை. சபக்கத்திலும் இல்லை, விபக்கத்திலும் இல்லை. ஆகவே ஐயமே எஞ்சும் என்று ஓரிடத்தில் காதை இதை அசாதாரணம் என்னும் ஏதுப்போலியில் வைக்கிறது. சற்றுத் தள்ளி, விருத்த வியபிசாரி என்னும் மற்றோர் ஏதுப்போலியை விளக்கும் பகுதியில் இதே ஏது ‘சத்தத்துவம் போல்’ என்ற திட்டாந்தத்தோடு வந்து, செயலால் தோன்றுதல் என்னும் ஏதுவுக்குச் சமமாக எதிர்நிற்கிறது. இரண்டும் முரண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒலிகள் எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள சத்தத்துவம் என்னும் நித்தமான பொருள் உண்டு என்றும், அதுவும் செவிக்குப் புலனாகும் என்றும் வைசேடிகர் ஏற்பர், பௌத்தர் ஏற்கார். ஏற்பவர் எதிரே இருக்கும்போது சபக்கம் கிடைத்துவிடுகிறது, ஏற்காதவரிடம் கிடைப்பதில்லை. உங்கள் குறிப்பேட்டில் இந்த ஏதுவை இரண்டு முறை, இரண்டு எதிராளிகளின் பெயருக்கு நேராக எழுதுங்கள்.