சி மொழில ஒரு ஃபங்ஷன் ஃபெயில் ஆனா நமக்கு எப்படித் தெரியும்? ஸ்டெப் ஸ்டெப்பா பாப்போம்

சி-ல எக்செப்ஷன், அதாவது தப்பு நடந்தா ஓட்டத்தையே நிறுத்திக் கத்துற ஏற்பாடு, கிடையாது. ஜாவா, பைத்தான் பக்கமிருந்து வர்றவங்க முதல்ல தடுக்கி விழுற இடம் இதுதான். ஒரு ஃபங்ஷனால வேலைய முடிக்க முடியலைன்னா அது கத்தாது, பெரும்பாலும் ரிட்டர்ன் பண்ற மதிப்புலதான் சேதி வரும், நாமதான் எடுத்துப் பாக்கணும். பாக்கலைன்னா புரோகிராம் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்.

நான் இதை பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு கடைக்கு ஸ்டாக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், கவுன்ட்டர்ல இருந்தவர் 100ன்னு அடிக்கப்போய் நடுவுல சைபருக்குப் பதிலா இங்கிலீஷ் ஓ எழுத்தை அடிச்சுட்டார். அடிச்ச உரையை எண்ணா மாத்த நான் போட்டிருந்தது ஏ-டு-ஐங்கிற சி ஃபங்ஷன். அது 1-ஐப் படிச்சது, ஓ-வைப் பாத்ததும் நின்னுடுச்சு, 1ன்னு திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடுச்சு. சாயங்காலம் கணக்குல 99 மூட்டையக் காணோம்.

இன்னொண்ணு, ஏ-டு-ஐ கிட்ட "வாழைப்பழம்"னு கொடுத்தாலும் 0 வரும், நிஜமாவே 0ன்னு கொடுத்தாலும் 0தான் வரும். எது விடை, எது தோல்வின்னு எப்படிப் பிரிப்பீங்க? முடியாது. ரெண்டு பேரையும் ஒரே நாற்காலில உக்கார வெச்சாச்சு.

ஸ்டெப் 1: நாற்காலியப் பிரிங்க. ரிட்டர்ன் மதிப்பு நடந்ததா நடக்கலையான்னு மட்டும் சொல்லட்டும், விடை பாயின்டர் (மெமரில ஒரு இடத்தோட முகவரி) வழியா வரட்டும். (கோடை வாயால சொல்ற மாதிரி எழுதுறேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.)

ஈனம் நிலை { சரி, எண்_இல்ல, மிச்சம்_இருக்கு, ரொம்பப்_பெருசு };
ஈனம் நிலை எண்ணைப்_படி(கான்ஸ்ட் கேர் *உரை, லாங் *விடை);

ஈனம்னா நம்மூர்ல வேற அர்த்தம், இங்க பேர் வெச்ச எண்களோட பட்டியல், அவ்ளோதான். முதல் பேருக்கு தானாவே 0 கிடைக்கும், அதான் "சரி"ய முதல்ல வெச்சேன். ஜெயிக்க ஒரே வழி, தோக்க நூறு வழி, அதனால 0 வெற்றி, மத்ததெல்லாம் தோல்விங்கிறது சி உலகத்துல ரொம்ப நாள் பழக்கம். ஆனா இஃப்-க்குள்ள 0ன்னா பொய்! இஃப் எண்ணைப்_படி(...)ன்னு சும்மா எழுதினா அது தோத்தாதான் உள்ள போகும். எல்லாரும் ஒரு தடவையாவது இதுல மாட்டுவாங்க, அதனால "== சரி"ன்னு முழுசா எழுதிடுங்க.

ஸ்டெப் 2: எண்ணைப்_படி-க்கு உள்ள ஏ-டு-ஐ வேணாம், அதே வேலைய இன்னும் கவனமா செய்யுற எஸ்-டி-ஆர்-டு-எல் போடுங்க. உரை, எங்க நின்னேன்னு குறிச்சுக்க ஒரு பாயின்டரோட முகவரி (அந்த பாயின்டருக்கு "முடிவு"ன்னு பேர் வெச்சுக்கலாம், கொடுக்கும்போது &முடிவு), அப்புறம் பத்தடிமான எண்ணுன்னு சொல்ல 10, இந்த மூணையும் கொடுக்கணும். கூப்பிடுறதுக்கு முன்னாடி எர்நோ = 0ன்னு ஒரு வரி கட்டாயம் (எர்நோன்னா என்ன தப்புன்னு சொல்ற எண்ணை சி போட்டு வைக்கிற இடம்), ஏன்னா வெற்றி ஆனா எர்நோவ யாரும் துடைச்சு வைக்க மாட்டாங்க, பழைய அழுக்கு அப்படியே கிடக்கும். திரும்பி வந்ததும் வரிசையா பாருங்க: முடிவு ஆரம்ப இடத்துலயே நிக்குதுன்னா எண்ணே இல்ல. எர்நோ-ல ஈ-ரேஞ்ச் இருந்தா லாங்-ல அடங்காத எண். முடிவு காட்டுற எழுத்து பேக்ஸ்லாஷ் சைபர் (உரை முடிஞ்சதுங்கிற அடையாளம்) இல்லைன்னா மிச்சம் இருக்கு, நம்ம கவுன்ட்டர்காரரோட ஓ இங்கதான் பிடிபடும். எல்லாத்தையும் தாண்டி வந்தாதான் *விடை-ல மதிப்பப் போட்டு "சரி"ய ரிட்டர்ன் பண்ணணும், தோத்தா *விடைய தொடவே கூடாது.

ஒரு வரியப் படிச்சுத் தர்ற எஃப்-கெட்ஸ்ல வரி வாங்கினா கடைசில நியூலைன் ஒட்டிட்டே வரும், அதை வெட்டாம விட்டா நல்ல எண்ணுக்குக்கூட மிச்சம்_இருக்குன்னு சொல்லும். நான் இதுக்கே அரை நாள் உக்காந்திருக்கேன்.

ஸ்டெப் 3: கூப்பிடுறவங்க பாக்காம விட்டா? ஜிசிசி-ங்கிற சி கம்பைலர்ல ஃபங்ஷனுக்கு முன்னாடி வார்ன்-அன்யூஸ்டு-ரிசல்ட்ங்கிற ஆட்ரிபியூட் போட்டா, ரிட்டர்ன் மதிப்பக் கண்டுக்காத இடத்துல கம்பைலர் முணுமுணுக்கும். சி23-ல நோ-டிஸ்கார்ட்னு இதே வேலைக்கு மொழியிலயே வந்துடுச்சு. ரஸ்ட் மொழில வெற்றியா தோல்வியான்னு சொல்ற ரிசல்ட் டைப்புக்கு இந்த எச்சரிக்கை தானா வரும், அது கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.

ஸ்டெப் 4: மெயினும் ஒரு ஃபங்ஷன்தான், அது ஷெல்லுக்கு (நாம கமாண்ட் அடிக்கிற இடம்) பதில் சொல்லணும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சா 0, இல்லைன்னா 1. ஓட்டி முடிச்ச கையோட லினக்ஸ்ல எக்கோ, ஒரு ஸ்பேஸ், டாலர், கேள்விக்குறி அடிங்க, அந்த எண் தெரியும். -1 ரிட்டர்ன் பண்ணிப் பாருங்க, 255ன்னு காட்டும், ஏன்னா கடைசி 8 பிட்தான் போய்ச் சேருது. அதனால "எத்தனை வரி தப்பு"ங்கிற எண்ணிக்கைய மெயின்ல ரிட்டர்ன் பண்ணிடாதீங்க, சரியா 256 வரி தப்பா இருந்துச்சுன்னா ஷெல்லுக்குப் போறது 0.