மூத்த டேட்டா இன்ஜினியரைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள்

கிளவுடில் தரவுத் தளத்தை வடிவமைக்கத் தலைமை தாங்கும் ஆளைத் தேடுகிறீர்களா? விண்ணப்பத்தில் உள்ள மென்பொருள் பெயர்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்பார்க், காஃப்கா, ஏர்ஃப்ளோ எல்லாம் பெரும்பாலானோர் விண்ணப்பத்தில் இருக்கும். நேர்காணலில் செலவைப் பற்றிக் கேளுங்கள்.

முதல் கேள்வி இது: கூகுளின் கிளவுட் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் பல டெராபைட் கொண்ட, பகுதிகளாகப் பிரிக்கப்படாத சாதாரண அட்டவணை. எல்லா நெடுவரிசைகளையும் கேட்டு, கடைசியில் 'லிமிட் 10' (பத்து வரிசை மட்டும் போதும்) என்று போட்டால் கட்டணம் குறையுமா? குறையாது. வினவலுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தும் முறையில், படிக்கப்படும் பைட்டுகளுக்குத்தான் பணம். திரும்பி வரும் வரிசைகளுக்கு அல்ல. கைப்பட வேலை செய்தவர் இதைச் சொல்லிவிட்டு, அட்டவணையைத் தேதிவாரியாகப் பிரிப்பது, தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுப்பது என்று தானாகவே பேச்சை நகர்த்துவார். ஸ்னோஃப்ளேக் என்ற இன்னொரு கிளவுட் தரவுத் தளத்தில் அனுபவம் உள்ளவரிடம் கேள்வியை மாற்றுங்கள். அங்கே வேர்ஹவுஸ், அதாவது வினவல்களை இயக்கும் கணினித் தொகுப்பு, ஓடும் நேரத்துக்குக் கட்டணம். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் குறைந்தது 60 விநாடி கணக்கில் ஏறும். அப்படியானால், சும்மா இருக்கும் வேர்ஹவுஸை எத்தனை நிமிடத்தில் நிறுத்துவார், ஏன்?

இரண்டாவது: இரவு 2 மணிக்கு ஓடிய, தரவை ஏற்றும் பணி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால் விற்பனைப் பதிவுகள் இரட்டிப்பாகாமல் எப்படிக் காப்பார்? பலகையில் வரையச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். வரைவதற்கு முன் "ஒரு நாளைக்கு எவ்வளவு தரவு, யார் பயன்படுத்துவார்கள்?" என்று திருப்பிக் கேட்பவரை நான் மிகவும் மதிப்பேன்.

வீட்டில் செய்து வரச் சொல்லும் மூன்று நாள் பயிற்சி மட்டும் வேண்டாம். கைநிறைய வேலை உள்ள நல்ல மூத்த பொறியாளர்கள் அதோடு விலகிவிடுவார்கள்.