ஒரு ராத்திரியைக் காப்பியம் என்று எழுதிவிடாதீர்கள்

தரமணியிலும் கோட்டூர்புரத்திலும் உள்ள நூலகங்களில் உட்கார்ந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலர் வருஷா வருஷம் என்னைத் தேடி வருவார்கள். களப்பணிக்குக் கிளம்பும் நேரமாக இருக்கும். "தோடர் வாய்மொழிக் காப்பியம்", "இருளர் காப்பிய மரபு" என்று தலைப்பும் முன்பே பதிவாகியிருக்கும். என் வேலை, ஊர்களில் பதிந்த பாட்டைக் கேட்டு எழுத்தில் பெயர்ப்பது. இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். இதில் சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். நாம் ஊரிலிருந்து கொண்டுவருவது ஒருவர், ஒரு கூட்டத்தின் முன்னால், ஒரு ராத்திரி பாடியது. சென்னைக்கு வந்து அதை அச்சில் பார்த்ததும், அந்த மக்களின் காப்பியமே இதுதான் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

முதல் கோளாறு தலைப்பிலேயே இருக்கிறது. காப்பியம் என்றதும் நம் மனம், காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரத்துக்குப் போய்விடும். தன்னேர் இல்லாத் தலைவன் எங்கே, நாட்டு வருணனை எங்கே, போர் எங்கே என்று தேட ஆரம்பிப்போம். துளு நாட்டின் சிரி கதையை இந்தக் கண்ணோடு கேட்டால் கையில் ஒன்றும் சிக்காது. கணவனைவிட்டுப் பிரியும் சிரி, அவள் மகள் சொன்னெ, பேத்திகள் அப்பகெ, தாரகெ என்று பெண்களின் வழியே தலைமுறை தலைமுறையாக நகரும் கதை அது. துளுவர்கள் அதைக் காப்பியம் என்று சொல்வதில்லை, பாட்தனா என்பார்கள். வயலில் நாற்று நடும் பெண்கள் பாடுவதும் பாட்தனாதான். கொங்கு நாட்டில் யாரிடமாவது பொன்னர் சங்கர் காப்பியம் பாடுவீர்களா என்று கேட்டால் முழிப்பார்கள். "அண்ணன்மார் சாமி கதை" என்று கேட்டால் பாய் விரித்து உட்காரவைப்பார்கள். அந்த மக்கள் தங்கள் பாட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அதில் எத்தனை வகை பிரிக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு தலைப்பு வைத்தால் போதும்.

தோடர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீலகிரியில் 1930களில் தங்கி அவர்கள் பாட்டுகளைச் சேகரித்தவர் மொழியியலாளர் எம்.பி. எமெனோ. அந்தத் தொகுப்பு 1971இல் வெளிவந்தது. தோடர் பாட்டில் ஒரு செய்தியை ஒருமுறை சொல்லி நிறுத்த முடியாது. அதற்கு இணையாக இன்னொரு தொடர் வந்தாக வேண்டும். எருமையானாலும் மந்து என்கிற தோடர் குடியிருப்பானாலும் மனிதரானாலும் பாட்டில் அது இரட்டையாகத்தான் வரும். இந்த இணைகள் மரபில் நிலைத்தவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று நடந்த ஒன்றின் மேலும் இன்று பாட்டுக் கட்டிவிடுவார்கள். ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டதும் நம் ஆய்வாளர்களுக்கு மில்மன் பாரியின் நினைவு வந்துவிடும். 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் பாடகர்களைப் பதிந்து, வாய்பாட்டுத் தொடர்களை, அதாவது மரபில் தயாராக இருக்கும் தொடர்களைக் கோத்து மேடையிலேயே நீண்ட கதை கட்டப்படுவதைக் காட்டியவர் அவர். இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி அந்த முறையைச் சங்கப் பாட்டுக்குப் பொருத்தி 1968இல் நூல் வெளியிட்டார். பெரிய வேலைகள் இரண்டும். ஆனால் தோடரின் இரட்டைத் தொடர், பாரி கேட்ட போஸ்னியப் பாடகரின் வாய்பாடு செய்யும் வேலையைச் செய்வதில்லை. அங்கே அது அடியை நிரப்பிக் கதையை ஓடவைக்கிறது. இங்கே அது இல்லாவிட்டால் பாட்டே இல்லை. "தோடரிடம் காப்பியம் இல்லை" என்று ஒரு வரியில் முடிப்பவர், அவர்களிடம் இருப்பதைப் பார்க்காமலே மலை இறங்கிவிட்டார்.

அடுத்தது, எழுதிக்கொள்ளச் சொன்னதைப் பாட்டு என்று நம்புவது. நேரம் மிச்சம், இரைச்சல் இல்லை, எழுதவும் எளிது. அதனால் "பாட வேண்டாம், சொல்லுங்கள் போதும்" என்று கேட்டுவிடுகிறோம். 1990 டிசம்பரில் பின்லாந்து அறிஞர் லௌரி ஹோங்கோவும் கர்நாடக அறிஞர்களும் தட்சிண கன்னட மாவட்டத்தில் கோபால நாயகர் பாடிய சிரி கதையைப் பல நாள் உட்கார்ந்து பதிந்தார்கள். 15,683 அடி வந்தது. அதே மனிதர் அதற்கு முன்பு சொல்லி எழுதவைத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சொல்லும்போது கதை வரும். பாடும்போதுதான் பாடகருக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது. ஒரு அடியை நீட்டி இழுக்கும் நேரத்தில் அடுத்த காட்சி அவர் மனதில் விரிகிறது. கொங்கு நாட்டில் 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்டும் பதிந்தார், சொல்லக் கேட்டும் எழுதவைத்தார். இரண்டும் வேறு வேறாக இருப்பதை அவர் மறைக்கவில்லை. சொல்ல எழுதியது 1992இல் இங்கே சென்னையில் ஆசியவியல் நிறுவனம் வழியாக வெளிவந்தது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பல ஆய்வேடுகளில் அந்த ஒரு வரி இருக்காது.

இனி நான் செய்த தவறு. கொங்குப் பகுதியில் உடுக்கைப் பாட்டு ஒன்றைப் பதிந்து, ஒரு வருஷம் கேட்டு எழுதினேன். முன்னால் பாடுகிறவர் ஒருவர், பின்பாட்டுக்காரர் ஒருவர். பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் "ஆமா" என்பார். சில இடத்தில் "ஆமாமா", சில இடத்தில் "அப்படியா?", சில இடத்தில் முன்பாட்டுக்காரர் பாடியதையே திரும்பப் பாடுவார். எனக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. கதை ஓட்டமாக வர வேண்டும் என்று எல்லா ஆமாவையும் எடுத்தேன். திரும்ப வந்த அடிகளையும் எடுத்தேன். அச்சில் படிக்க மிக நன்றாக இருந்தது.

புத்தகம் வந்த வருஷம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. பின்பாட்டுக்காரரின் மகன் திருப்பூரிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார். அப்பா தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. கடையில் நின்றபடியே புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "எங்கய்யன் இதுல எங்கீங்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. முன்னுரையில் அவர் பெயர் இருந்தது. பாட்டில் அவர் இல்லை.

அதற்கப்புறம் அந்த நாடாக்களைத் திரும்பக் கேட்டேன். ஆமா ஒரே மாதிரி விழவில்லை. கதை நின்று நிதானிக்கும் இடத்தில் ஆமா இழுபடுகிறது. சண்டை நெருங்கும்போது அடி முடியுமுன்னே ஆமா வந்து முன்பாட்டுக்காரரைத் தள்ளுகிறது. ஓரிடத்தில் முன்பாட்டுக்காரருக்கு அடுத்த அடி வரவில்லை. பின்பாட்டுக்காரர் பழைய அடியையே மூன்று முறை பாடி, அவர் நினைவுக்கு வரும்வரை தாங்கிப் பிடிக்கிறார். அந்த மூன்று அடியைத்தான் "தேவையற்ற மறுபடி" என்று நான் வெட்டியிருந்தேன். அந்தக் கதை இரண்டு பேர் சேர்ந்து கட்டியது. என் புத்தகத்தில் அது ஒருவருடையதாகிவிட்டது. ஆமாவை எழுதுங்கள். இருமலை, கூட்டத்தில் யாரோ கேட்ட கேள்வியை, டீ வந்து பாட்டு நின்ற இடத்தை எழுதுங்கள். படிக்க எளிதான பதிப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதனுடன் சேர்ந்ததுதான் "மூல வடிவம்" தேடும் ஆசை. ஏட்டுச்சுவடி பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது. நாலு பிரதியை ஒப்பிட்டு, பிழை நீக்கி, ஒரு பாடத்தை நிறுவுவது நமக்குக் கைவந்த வேலை. வாய்மொழிக் கதைக்கு அந்தக் கருவி உதவாது. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். ஒரு வடிவத்தில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று வருகிறது. நாட்டார் இலக்கிய ஆய்வாளர் நா. வானமாமலை இதைப் பிற்காலச் செருகல் என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் செருகலைக் கண்டுபிடித்ததும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. யார் கேட்கும்போது இப்படிப் பாட வேண்டி வந்தது, எந்த ஊரில் இது இல்லாமல் பாடுகிறார்கள் என்பதுதான் அந்தக் கதையைச் சொந்தம் கொண்டாடும் சாதிகளைப் பற்றி நமக்குச் சொல்லும்.

நீளத்தைச் சொல்லிப் பெருமை பேசுவதையும் விட்டுவிடலாம். கிர்கிஸ் மக்களின் மனாஸ் கதையைச் சயாக்பாய் கரலாயெவ் பாடியது 5 லட்சம் அடிக்கு மேல். சீனாவின் ஷின்ஜியாங்கில் வாழ்ந்த ஜூசுப் மமாய் மனாஸிலிருந்து தொடங்கி எட்டுத் தலைமுறைக் கதையையும் பாடியவர். உடனே மகாபாரதத்தைவிடப் பெரியதா என்று கேட்கத் தோன்றும். அடி எங்கே முடிகிறது என்பதைப் பல நேரம் எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார் என்பதை மறக்க வேண்டாம். எட்டு அடியில் முடியும் தோடர் பாட்டும் அதே கவனத்தைக் கேட்கும்.

மொழி விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும். தோடா, கோத்தா, நீலகிரி இருளர் மொழி எல்லாம் "கொச்சைத் தமிழ்" இல்லை. தனித்தனித் திராவிட மொழிகள். பாட்டை எழுதும்போது கை தன்னையறியாமல் தமிழ்ச் சொல்லாகத் திருத்திவிடும். இன்னொரு சிக்கல் எழுத்து. தமிழில் ஒரு "ப" இரண்டு ஒலிக்கு நிற்கும். தோடாவில் காற்று உரசி வரும் உரசொலிகளிலும் நா அதிர்ந்து வரும் ஆடொலிகளிலும் பலவற்றுக்கு நம்மிடம் எழுத்தே இல்லை. மொழியியல் துறையில் ஒரு நண்பரைப் பிடித்து, தமிழ் எழுத்தின் கீழே சர்வதேச ஒலியெழுத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சந்தேகம் உள்ள இடத்தைப் பாடியவரின் ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுங்கள்.

எதை எப்போது பாடலாம் என்பதற்கு ஊரில் முறை உண்டு. பட்டப்பகலில் ஒரு வீட்டுத் திண்ணையில், நேரம் போதாது என்று, கதைத் தலைவன் சாகும் பகுதியை மட்டும் பாடச் சொன்னேன். "அதை இங்க பாடக்கூடாதுங்க தம்பி. பாடினா எழுப்போணும்" என்றார் பெரியவர். அண்ணன்மார் களத்தில் விழுந்ததைச் சடங்காக நிகழ்த்தும் வீரப்பூர்ப் படுகளத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். அங்கே விழுந்து கிடப்பவர்களை எழுப்பாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். வில்லுப்பாட்டிலும் சாமியின் மரணம் பாடும்போதுதான் ஆட்களுக்கு அருள் வரும். அப்படிப்பட்ட ஒன்றை மாதிரிக்குப் பத்து நிமிஷம் என்று கேட்பது தவறு. இணையத்தில் ஏற்றலாமா என்பதைப் பாடகரிடம் மட்டும் கேட்டுக் கையெழுத்து வாங்கினால் போதாது. கோயிலுக்கும் குடும்பத்துக்கும் அதில் பேச்சு உண்டு. ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் பெருவிரல் ரேகை வாங்கிவிட்டு அதைச் சம்மதம் என்று சொல்லாதீர்கள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக: போனில் பதிந்தால் அதன் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு உடுக்கை அடி விழும்போதெல்லாம் குரலை அமுக்கும். சிறிய ரெக்கார்டர் ஒன்று வாங்கி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஊர், தேதி, பாடியவர், கூட இருந்தவர்கள், எதற்காகப் பாடினார்கள் என்பதை அன்றைக்கே உங்கள் குரலில் கோப்பின் தொடக்கத்தில் சொல்லிவையுங்கள். பிரதி ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டுத் தரைத்தளத்தில் இரண்டு பெட்டி கேசட் மூழ்கியது. மொட்டைமாடியில் வரிசையாகக் காயவைத்தோம். பாடிய மூன்று பேரும் அப்போதே இல்லை.

"கடைசிப் பாடகர்" என்ற சொல்லையும் எழுதாதீர்கள். பக்கத்து ஊரில் விசாரித்தீர்களா, பெண்கள் பாடுகிறார்களா என்று கேட்டீர்களா? ஒருவரைக் கடைசி என்று அச்சில் போட்டால், அவரிடம் கற்றுக்கொண்டிருக்கும் பையனை இல்லை என்று சொல்லியதாகும்.

நீண்ட பயணத்துக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால், பக்கத்திலேயே பழகிக்கொள்ள ஓரிடம் இருக்கிறது. மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். மணலில் கூடாரம் போட்டு இரவு தங்கி, விடியலில் கடலோரம் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணம் பேசுவதும் முடிப்பதும் அங்கேதான். அடையாறிலிருந்து பஸ் இருக்கிறது. முதல் வருஷம் ரெக்கார்டர் எடுத்துக்கொள்ளாமல் போங்கள். யாராவது கூப்பிட்டால் உட்காருங்கள், சோறு கொடுத்தால் சாப்பிடுங்கள், யார் பாடும்போது யார் "ஆமா" போடுகிறார்கள் என்று மட்டும் கவனித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.