தையல் மெஷின் வேண்டாம், சனிக்கிழமைக்கு ஓர் ஆள் வேண்டும்

குடியை விட்டவர்களுக்கு வேலை ஏற்பாடு செய்கிறோம் என்று திருப்பூரில் யாரிடம் போய்ச் சொன்னாலும், முதல் கேள்வி "எத்தனை மெஷின் வேண்டும்?" என்பதுதான். நானும் ஒரு காலத்தில் வாயெல்லாம் பல்லாக "பத்து" என்று சொன்னவன். ஒரு கம்பெனி பத்தும் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். எட்டு மாதத்தில் ஆறு மெஷின் பழைய மெஷின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டிங் மாஸ்டராக இருந்து, கத்தரிக்கோலையே அடகு வைத்துக் குடித்தவன் நான். விட்டது 2011இல்.

இப்போது நாலு பேர் சேர்ந்து சின்ன அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறோம். இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்கள், பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே போவது என்பதற்கு முன்னால், எதற்காகக் கேட்பது என்பதைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வரும் டெய்லருக்குத் தொழில் தெரியும். கைதான் ஓரிடத்தில் நிற்காது, நடுங்கும். போன வருஷம் ஒரு பிளாட்லாக் (பனியன் துணியைத் தைக்கும் ஒருவகை மெஷின்) டெய்லர் வந்தார், இருபது வருஷ அனுபவம். முதல் நாள் ஒரே கழுத்துப் பட்டியை மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தார். நாலாவது தடவை தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே, கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மறுநாள் அவரைச் செக்கிங்கில், அதாவது தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலையில், போடச் சொன்னோம். அங்கே கிடைப்பது அவருடைய பழைய பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி. குறைந்த பாதியை ஆறு வாரம் நாங்கள் போட்டோம். ஏழாவது வாரம் அவராகவே மெஷினில் போய் உட்கார்ந்தார்.

அந்த ஆறு வாரப் பணம்தான் நீங்கள் திரட்ட வேண்டிய பணம். கூடவே அடகிலிருக்கும் சாமானை மீட்க, டீக்கடைக் கடனுக்கு ஈடாகக் கிடக்கும் ஆதார் அட்டையை வாங்க, ரூம் அட்வான்ஸ் கொடுக்க, முதல் சம்பளம் வரும்வரை மதியச் சாப்பாட்டுக்கு. ஆளுக்குச் சராசரியாக 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வேன். ஒருவருக்கு 3,000 போதும், இன்னொருவருக்கு 14,000 ஆகும், அது வேறு விஷயம்.

அப்புறம் சனிக்கிழமை. இந்த ஊரில் வாரச் சம்பளம். சாயங்காலம் கவர் கைக்கு வரும், டாஸ்மாக் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும். அந்த நாலு மணி நேரம்தான் முழு வாரத்தையும் தீர்மானிக்கிறது. எங்கள் ஆள் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கம்பெனி கேட்டுக்கு வந்து நிற்பார். புத்திமதி எதுவும் சொல்ல மாட்டார். ஒரு டீ, மளிகைக் கடை, பிறகு பஸ். அவ்வளவுதான். அவரும் குடியை விட்டவர்தான், அதனால் எந்தச் சாக்கும் அவரிடம் எடுபடாது.

இந்த ஆளின் சம்பளத்துக்குத்தான் பணம் கிடைப்பதே இல்லை. மெஷினுக்குக் கொடுப்பார்கள், ஆளுக்குக் கொடுக்க யோசிப்பார்கள். ஆகவே பட்ஜெட்டில் அவரை ஒளித்து வைக்காமல் முதல் வரியிலேயே போடுங்கள். வருஷத்துக்குப் பதினைந்து பேர் என்றால் என் கணக்கு இது: களப்பணியாளர் சம்பளம் மாதம் 18,000 வீதம் 2,16,000, பெட்ரோல், போன் 30,000, முதல் கட்ட உதவி ஆளுக்கு 8,000 வீதம் 1,20,000, ஆடிட்டர் மற்றும் இதர செலவு 24,000. மொத்தம் 3,90,000. தலைக்கு 26,000. கம்பெனிக்காரருக்கு இந்த 26,000தான் மனதில் நிற்கும்.

சரி, எங்கே போவது? முதலில் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டிய பணம். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, முந்தைய ஆண்டில் நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சுகாதாரமும் இருக்கிறது, வேலைத்திறன் வளர்ப்பும் வாழ்வாதார மேம்பாடும் இருக்கின்றன. நீங்கள் வாழ்வாதாரம் என்ற தலைப்பில் போங்கள். சுகாதாரம் என்று போனால் மருத்துவ முகாம் போடச் சொல்வார்கள்.

உங்கள் அமைப்புக்கு வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்த எண் வேண்டும். இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் பழைய அறக்கட்டளை ஒன்றின் கீழ் ஒரு திட்டமாக நடத்தலாம். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

கம்பெனியின் கணக்கு அதிகாரி, "சம்பளமா? நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாதே" என்பார். பயந்துவிடாதீர்கள். அந்த 5 சதவீத வரம்பு, சிஎஸ்ஆரை நடத்த அந்தக் கம்பெனிக்கு ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. 2021இல் திருத்திய விதியே அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு தடவை உதவியது. இன்னொன்று, ஒரு கம்பெனி தன் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்யும் செலவு சிஎஸ்ஆரில் வராது.

திருப்பூரில் நிறையப் பேர் பார்ட்னர்ஷிப் கம்பெனிதான், அவர்களுக்கு 135 பொருந்தாது. அவர்களிடம் 80ஜி ரசீதைச் சொல்லிக் கேளுங்கள். ரொக்கமாக 2,000க்கு மேல் வாங்கினால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது, செக் அல்லது ஜிபே கேளுங்கள். என் அனுபவத்தில் பெரிய கம்பெனியைவிட இவர்கள்தான் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். வெளிநாட்டு நண்பர் பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

மத்திய சமூகநீதி அமைச்சகம் மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் தருகிறது. அது முக்கியமாகச் சிகிச்சைக்கானது. அப்படி ஒரு மையம் பக்கத்தில் இருந்தால், சிகிச்சை அவர்கள் பொறுப்பு, வேலை உங்கள் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். நன்கொடையாளர் அந்தக் கடிதத்தை மதிப்பார்.

முத்ரா கடன், மாவட்டத் தொழில் மையத்தின் 25 சதவீத மானியம் எல்லாம் முதல் வருஷம் வேண்டாம். பலருக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் பாக்கி இருக்கும், வங்கி சிபில் (பழைய கடன் வரலாறு) பார்த்ததும் கையை விரித்துவிடும். கிடைத்தாலும் ஆபத்து, மொத்தமாகப் பணம் கைக்கு வரும். தொழில் கற்க வேண்டுமென்றால் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம், உங்கள் பட்ஜெட்டில் ஒரு பைசா ஏறாது.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் நாட்டுப் புள்ளிவிவரம் போடாதீர்கள். நாட்டில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் உதவி தேவைப்படுகிறது என்ற 2019 எய்ம்ஸ் அறிக்கையை எல்லா விண்ணப்பத்திலும் படித்து அவர்களுக்குச் சலித்துவிட்டது. அந்தக் கழுத்துப் பட்டிக் கதை மாதிரி ஒன்றை, பெயர் இல்லாமல் எழுதுங்கள். பேனர் கட்டி ஆட்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். குடிநோயும் 2017 மனநலச் சட்டத்துக்குள் வருகிறது, சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. பேப்பரில் முகம் வந்தவரை அப்புறம் எந்த மேஸ்திரியும் சேர்க்க மாட்டார்.

பதினைந்து பேரில் சிலர் திரும்பக் குடிப்பார்கள். பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். திரும்பி வருபவருக்கு இரண்டாவது வாய்ப்புக்கான தொகையையும் அந்த 1,20,000க்குள்ளேயே எழுதிவிடுங்கள். குடிக்காத நாட்களை எண்ணித் தருகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், பொய் எழுத வேண்டி வரும். வேலைக்குப் போன நாட்களை எண்ணலாம், அதற்குக் கம்பெனி வருகைப் பதிவேடே சாட்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் அனுப்புவது ஒரே ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி. போன அறிக்கையில் ஏழாம் எண்ணுக்கு எழுதியது: "61 நாள் வேலை. 9 நாள் காணவில்லை. தானாகவே வந்தார். இப்போது அயர்ன் டேபிள்."