மரத்தரைக்குப் பூச்சு வாங்கும் முன்

வீடு கிடைத்து, சாவி கைக்கு வந்து, உள்ளே போய்ப் பார்த்தால் தரை முழுக்க மரம். பழைய பூச்சு அங்கங்கே தேய்ந்து வெளிறிக் கிடக்கிறது. தவழும் குழந்தை இருக்கிறது, குடியேறும் முன்பே ஒரு பாலிஷ் போட்டுவிடலாமே என்று தோன்றும். வாடகை வீடு என்றால் முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அவரே போட்டுத் தருவதாகச் சொன்னால் என்ன பூச்சு, என்றைக்குப் போடுகிறார் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால், பூச்சு உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். ஆள் அதிகம் நடக்கும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது, நன்றாகத் துடைத்தாலே போதும். மரம் தண்ணீரை உறிஞ்சிக் கருத்தால்தான் வேலை இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? சால்வென்ட் பேஸ், அதாவது கரைப்பானில் கலந்த பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் போன்ற படலமாக இறுகும் பூச்சு) பளபளவென்று தேன் நிறத்தில் வரும், உறுதியாகவும் இருக்கும், ஆனால் அதன் கரைப்பான் ஆவி வீட்டை நிறைத்துவிடும். லிட்டருக்கு 350 கிராம், அதற்கு மேலும்கூட ஆவியாகும் பொருள் இருப்பது சாதாரணம். காற்றின் ஈரத்தை வைத்து இறுகும் வகை ஒன்றும் உண்டு, அதில் இன்னும் வினைபுரியாத ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அது ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது, ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு திணறும். அமிலத்தால் இறுகும் பழைய பாணிப் பூச்சிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவரும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றும் வேண்டாம் என்பேன்.

மிச்சம் இருப்பவற்றில் நான் முதலில் சொல்வது ஒற்றை டப்பா வாட்டர் பேஸ் பாலியூரித்தேன். இதில் பாலியூரித்தேன் ஏற்கனவே வினை முடிந்து தண்ணீரில் மிதக்கிறது, ஆவியாகும் பொருளும் பல தயாரிப்புகளில் லிட்டருக்கு 150 கிராமுக்குக் கீழேதான். பக்கத்தில் சின்ன பாட்டிலில் ஹார்ட்னர், அதாவது இறுக வைக்கும் திரவம், கொடுத்தால் அது இரட்டைப் பூச்சு. கூடுதல் உறுதி வரும்தான், ஆனால் அந்தச் சின்ன பாட்டிலில்தான் ஐசோசயனேட்டோ அஸிரிடின் என்ற வேதிப்பொருளோ இருக்கும். வீட்டுக்கு அந்த அளவு உறுதி தேவையில்லை.

ஹார்டுவாக்ஸ் ஆயில் இன்னொரு நல்ல வழி. எண்ணெயும் மெழுகும் மரத்துக்குள் இறங்கி இறுகும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சிலவற்றில் கரைப்பானே இல்லை, சிலவற்றில் லிட்டருக்கு 400 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த லிமோனீன் கலந்தது மணமாக இருக்கும், அந்த லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும், தோலுக்கும் ஒவ்வாமல் போகலாம். ‘காய்ச்சிய’ ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக கோபால்ட், மாங்கனீசு உப்புகள் கலந்திருக்கும். அப்புறம் ‘பொம்மைக்கும் பாதுகாப்பு, ஈஎன் 71-3’ என்ற வரி. காய்ந்த பூச்சிலிருந்து ஈயம் போன்ற உலோகங்கள் வாய்க்குள் போகுமா என்பதற்கான சோதனை அது. காயும்போது வீட்டுக் காற்றில் என்ன கலக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள், தயாரிப்பாளரின் தளத்திலும் கிடைக்கும். மொத்தம் 16 பகுதி, எல்லாம் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவது பகுதியில் எச்334 (H334) என்ற அபாயக் குறியீடு இருந்தால் மூச்சுவழி ஒவ்வாமை, எச்317 தோல் ஒவ்வாமை, எச்351 புற்றுநோய் சந்தேகம், எச்360 கருவையோ கருவுறும் திறனையோ பாதிக்கலாம் என்று பொருள். மூன்றாவது பகுதியில் சேர்மானங்கள் வரும். வாட்டர் பேஸ் ஆனாலும் சிலவற்றில் என்-மெத்தில்-2-பைரோலிடோன் என்ற கரைப்பான் இருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். வேலையாளை வைத்துச் செய்தாலும் இந்தத் தாளைக் கேட்கலாம், தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுக்க இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. வாட்டர் பேஸ் சில மணி நேரத்தில் காயும், முழுதாக இறுக ஒரு வாரம், சிலவற்றுக்கு இரண்டு வாரம் ஆகும். சால்வென்ட் பேஸ் ஒரு மாதம் வரை இழுக்கும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வந்துகொண்டுதான் இருக்கும், வாசனை நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிரிலும் ஈரக் காற்றிலும் இன்னும் தாமதம், அதனால் ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடும் பருவத்தில் இந்த வேலையே வேண்டாம். குறைந்தது கடைசிப் பூச்சுக்குப் பிறகு சில நாட்கள் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வேறு இடத்தில் தூங்கட்டும். கம்பளம் விரிப்பதை இறுகும் நாள் முடியும் வரை தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் அடியில் ஆவி தங்கிப் பூச்சும் கெடும்.

புதிய பூச்சுக்கு முன் பழையது போகத் தரையைத் தேய்ப்பது பூச்சைவிட மோசமான கட்டமாகிவிடலாம். பழைய வீட்டில் மேலே பெயிண்ட் இருந்தால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். பழைய வினைல் ஓடோ அதன் பசையோ ஒட்டியிருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதைத் தேய்க்கவே கூடாது, ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது, தூசி உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். தூசிக்கான முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி உள்ளது வேண்டும்.

எண்ணெய்ப் பூச்சு என்றால் கடைசியாக ஒன்று. துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால், எண்ணெய் காயும்போது வரும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடியுள்ள உலோக டின்னில் போட்டு வையுங்கள்.